ஆறு நாள்

ஸ்காட்லாந்தில் சால்மன் மீன்பிடிக்கு வாரம் என்பது ஆறு நாட்களே. ஞாயிற்றுக்கிழமையில் சால்மனுக்குத் தூண்டில் போடுவது அங்கே சட்டப்படி குற்றம். திங்கள் காலை தொடங்கிச் சனி மாலை முடியும் அந்த ஆறு நாட்களைத்தான் ஒரு வாரம் என்று குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். 2024 மார்ச் 25ஆம் தேதி காலை, அபர்டீனுக்கு மேற்கே டீ ஆற்றங்கரையில், அப்படியொரு வாரத்தைக் காசு கொடுத்து வாங்கிய இருவராக நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். எண்ணெய்த் தொழிலை நம்பி அந்நகருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாலத்தின் மேலிருந்து அந்த ஆற்றைப் பார்த்திருக்கிறோமே தவிர, ஒருமுறையும் அதில் கால் நனைத்ததில்லை. தாமிரபரணியில் மூங்கில் கம்பும் மண்புழுவும் கொண்டு கெளுத்தி பிடித்த பால்ய அனுபவம் போதுமென்ற தைரியத்தில் இறங்கினோம். அந்தத் தைரியம் அரைமணி நேரம் தாங்கியது.

ஆற்றை அங்கே துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு காவலர். அந்தக் காவலரைக் 'கில்லி' என்பார்கள். (நம்மவர்களுக்குக் கிட்டிப்புள்ளும் விஜய் படமும் நினைவுக்கு வரும், கேலிக் மொழியில் அதற்குப் பையன், பணியாள் என்று பொருள்.) எங்கள் கில்லிக்கு எழுபதை நெருங்கும் வயது. எங்கள் கைகளைப் பார்த்தார், காலணிகளைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் பதினைந்தடி நீளக் கோலை எடுத்து இரு கைகளாலும் வீசிக் காட்டினார். பின்னால் மரங்கள் அடர்ந்த கரையில் கயிற்றைப் பின்புறம் வீச இடமில்லை. ஆகவே நீர்மேல் ஒரு வளையமாக அதைத் திருப்பி, அந்த நீரின் பிடிப்பைக்கொண்டே முன்னே எறிகிறார்கள். பக்கத்து ஆறான ஸ்பேயின் பெயர் அந்த வீச்சுக்கு. அவர் வீசியபோது கயிறு ஒரு சொல்லைப் போல எளிதாகப் போய் விழுந்தது. நாங்கள் வீசியபோது எங்கள் தொப்பிகளைப் பிடித்தது.

முறை எளியது. எதிர்க்கரை நோக்கிச் சாய்வாக வீச வேண்டும். இறகாலும் மயிராலும் கட்டிய பொய் இரை நீரோட்டத்தில் வில்லாக வளைந்து நம் கரைக்கு வரும். இரண்டடி கீழே நகர்ந்து மறுபடி வீச வேண்டும். பனி உருகிய நீரில், ரப்பர் கால்சட்டை இடுப்புவரை இறுக்க, இதை நாளெல்லாம் செய்யலாம். நாங்கள் செய்தோம். திங்களன்று ஒன்றுமில்லை.

மதிய உணவுக்குக் கரையிலிருந்த மரக்குடிலில் ஒதுங்கியபோது, இந்த மீன் எதைத் தின்னும் என்று கேட்டோம். ஒன்றும் தின்னாது என்றார் கில்லி. அதுதான் இந்த விளையாட்டின் அபத்தம். மலைநீரில் பிறந்து, அதே நீரில் இரண்டு மூன்று ஆண்டுகள் விரல்நீளக் குஞ்சாக வளர்ந்து, கடலுக்குப் போய், நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட குளிர்நீரில் உடல் பெருத்து, பிறந்த ஆற்றின் வாசத்தைத் தேடித் திரும்பும் சால்மன், ஆற்றுக்குள் நுழைந்த கணத்திலிருந்து உண்பதில்லை. வசந்தகால மீன்களோ பிப்ரவரி, மார்ச்சிலேயே வந்துவிடுகின்றன. முட்டையிடுவது அக்டோபருக்கு மேல்தான். எட்டு மாத விரதம். பசியே இல்லாத ஓர் உயிர் ஏன் தூண்டிலைக் கவ்வுகிறது? கோபம் என்கிறார்கள், பழக்கம் என்கிறார்கள், கடல்வாழ்வின் நினைவு என்கிறார்கள். எங்கள் கில்லிக்கு அதில் அக்கறை இல்லை. "கவ்வுகிறது," என்றார்.

செவ்வாய் காலை கோல் வளைந்தது. கூச்சலிட்டோம். எளிதாகக் கரைக்கு வந்துவிட்டது; ஒரு முழத்துக்கு மேல் நீளம், வெள்ளியாய் மின்னும் உடல். கில்லி குனிந்து பார்த்து, இது கணக்கில் சேராது என்றார். கெல்ட். சென்ற ஆண்டின் இறுதியில் முட்டையிட்டு, குளிர்காலத்தைப் பட்டினியாய்க் கடத்தி, கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்த மீன். கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, தலைமட்டும் பெரிதாய், வயிறு ஒட்டி, உள்ளே எதுவுமில்லாத ஓர் உறை. பெரும்பாலானவை கடல்வரை பிழைப்பதில்லை. முள்ளைக் கழற்றி விட்டோம். கூச்சலிட்டதற்கு வெட்கமாக இருந்தது.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசினோம். எங்களில் ஒருவரின் அம்மா, எண்பத்து மூன்று வயது. விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "பிடிச்சத விடுததுக்கா இம்புட்டு ரூவா குடுத்திய?" என்றார். சிரித்தோம். ஆனால் அவருக்குச் சொல்லத்தக்க பதில் எங்களிடம் இல்லை. ஏப்ரல் முதல் தேதிக்கு முன் பிடிபடும் எந்தச் சால்மனையும் கொல்லக்கூடாது என்று ஸ்காட்லாந்தில் 2015இல் சட்டம் வந்தது. டீ ஆற்றில் அதற்கும் முன்பே, 1990களிலிருந்தே, பிடித்ததை விடும் வழக்கம் இருக்கிறது. காரணம் எளியது, மீன் இல்லை. கடலில் போன குஞ்சுகள் திரும்புவதில்லை. ஆறும் கோடையில் சூடாகிறது, நிழலுக்காகக் கரையெங்கும் மரம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து முழுவதும் தூண்டிலில் பிடிபட்ட சால்மன் எண்ணிக்கையை 1952 முதல் பதிந்துவருகிறார்கள். அதுவரையான பதிவுகளில் மிகக் குறைந்தது 2023ஆம் ஆண்டுடையது. அந்த டிசம்பரில்தான் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அழிவாபத்திலுள்ள உயிராக வகைப்படுத்தப்பட்டது. மூன்று மாதம் கழித்து நாங்கள் முள்ளோடு போய் நின்றோம். தூண்டில்காரர்கள் கட்டும் குத்தகைதான் காவலுக்கும் மரத்துக்கும் ஆகிறது என்று சொல்கிறார்கள். உண்மையாகவே இருக்கலாம். உண்மை என்பதாலேயே அது வசதியான வாதமும்கூட.

புதனன்று மழை, கலங்கல் நீர்.

வியாழன் பிற்பகல், யார் கோலில் என்பது முக்கியமில்லை, கயிறு நின்றது. ஏதோ கல்லில் மாட்டியதுபோல நின்று, பிறகு மெதுவாக, எதிர்நீச்சலாக, மேலே நகர்ந்தது. இழுக்காதே, அது போகட்டும் என்றார் கில்லி. கால்மணி நேரம். வலைக்குள் வந்தது மெய்யான வசந்த சால்மன். எஃகு நீலமுதுகு, வாலருகே இன்னும் கடல்பேன் ஒட்டியிருந்தது. நன்னீரில் சில நாட்களே பிழைக்கும் அப்பேன், மீன் கடலைவிட்டு வந்து அதிக நாளாகவில்லை என்பதற்குச் சாட்சி. நான்கு கிலோ இருக்கும். நாங்கள் அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கில்லி வேறெதையோ பார்த்தார். முள் வாயோரம் இல்லை, செவுளில் இருந்தது. நீர் சிவந்துகொண்டிருந்தது.

கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டோம். சாகப்போகிற மீன் என்றால் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. இன்னும் நான்கு நாள் கழித்து என்றால்? இந்த ஆற்றில் அப்போதும் விட்டுத்தான் ஆகவேண்டும். அவர் முள்ளைக் கத்தரித்து எடுத்தார். முழங்கால் நீரில் மண்டியிட்டு, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, ஒரு கையால் வால்மூட்டையும் மறுகையால் அடிவயிற்றையும் தாங்கியபடி இருந்தார். எங்களைக் கரைக்குப் போகச் சொன்னார். இருபது நிமிடங்கள் என்று பிறகு கணக்கிட்டோம். அவர் உதடுகள் அசைந்தன. மீனிடம் பேசினாரா, எங்களைத் திட்டினாரா தெரியாது. வால் ஒருமுறை அசைந்தது. கையை விட்டார். அது ஆழத்துக்குள் போனது. நீந்திப் போனதா, அமிழ்ந்து போனதா என்று எங்கள் இருவருக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

வெள்ளியும் சனியும் வீசினோம், மனமில்லாமல். அந்த மடுவின் கீழ்ப்பக்கம் வரும்போதெல்லாம் கற்களுக்கிடையே வெள்ளையாக ஏதேனும் தெரிகிறதா என்று பார்த்தோம். கரையில் சிப்பிபிடிப்பான் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றும் தென்படவில்லை.

சனி மாலை குடிலில் பதிவேட்டை எடுத்தார் கில்லி. தேதி, மடுவின் பெயர், எடை, இரையின் பெயர். கடைசிக் கட்டத்தில் 'விடப்பட்டது' என்று எழுதினார். பேனாவை மூடவில்லை. இந்த வாரத்தை இவ்வாண்டு எடுத்தவர்களுக்கே அடுத்த ஆண்டும் முதலுரிமை, பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம். மே மாதத்துக்குள் சொல்லுங்கள் என்றார்.

திரும்பும் வழியில் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். அது பெருக்கு நேரம். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகும் சற்று நேரம் அங்கேயே நின்றிருந்தோம்.