வளவை நதி வளர்க்கும் எம்பிலிப்பிட்டிய

இரத்தினபுரியிலிருந்து தென்கிழக்கு நோக்கிப் புறப்படும் பயணி ஒரே நாளில் இரண்டு இலங்கைகளைக் காணலாம். பெல்மதுளையையும் காவத்தையையும் கடக்கும்வரை பாதையின் இருமருங்கிலும் தேயிலையும் இறப்பரும் செழித்து நிற்கும். வானத்தை நம்பாத மக்கள் குடையைக் கைவிடாது நடமாடுவர். கொடக்கவெலையைத் தாண்டியதும் மலைகள் மெல்லப் பின்வாங்குகின்றன. காற்றில் வெப்பம் ஏறுகின்றது. பேருந்து எம்பிலிப்பிட்டியவை நெருங்கும்போது வயலும் வாழைத் தோட்டமும் வாய்க்காலுமாக வேறொரு நாட்டினுள் புகுந்துவிட்டோமோ என நாம் மயங்குகின்றோம். ஈரவலயம் முடிந்து உலர்வலயம் தொடங்கும் வாயில் இது.

எம்முடன் காவத்தையில் ஏறிய முதியவர் ஒருவர் எமக்கருகில் அமர்ந்திருந்தார். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே முதுமையடைந்தவர். எம்பிலிப்பிட்டியச் சந்தையில் வாழைக்குலை வாங்கிச் சென்று தோட்டத்து லயங்களில் விற்பது அவரது இந்நாள் தொழில். அவர் சொன்ன ஒரு செய்தியைப் பின்னர் கூறுவோம். முதலில் ஊரைப் பார்ப்போம்.

இவ்வூரின் உயிர்நாடி வளவை நதி. மத்திய மலைநாட்டில் ஊற்றெடுத்து, அம்பலாந்தோட்டைக்கு அருகே கடலில் கலக்கின்றது. இதன் மேற்படுகையில், இன்றைய சமனலவாவிப் பகுதியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பருவக்காற்றின் வேகத்தைத் துணைக்கொண்டு உலை மூட்டி இரும்பு உருக்கினார்கள் என்பதை 1990களில் ஆய்வாளர் நிறுவினர். பண்டைய உருகுணை மன்னர் காலத்துக் குளங்களும் இப்படுகையில் பல இருந்தன. பின்னர் குளங்கள் தூர்ந்தன, காடு மூடியது, சேனைப் பயிர்ச்செய்கை செய்வோரின் குடிசைகளே எஞ்சின.

1960களில் அந்தக் காட்டை மீண்டும் கழனியாக்கும் முயற்சி தொடங்கியது. வளவையின் குறுக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள அணை எழுந்தது. அதுவே உடவளவை நீர்த்தேக்கம். வலக்கரை வாய்க்கால் எம்பிலிப்பிட்டியப் பக்கமும், இடக்கரை வாய்க்கால் செவனகலைப் பக்கமும் நீரைக் கொண்டுசென்றன. நெருக்கடி மிகுந்த ஊர்களிலிருந்து காணியற்ற குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. 1982இல் இத்திட்டம் மகாவலி அதிகார சபையின் பொறுப்பில் வந்தது. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1972இல் தேசிய வனமாக்கப்பட்டது. அங்கே சேனை செய்தவர் படிப்படியாக வெளியேற, இன்று யானைக் கூட்டங்கள் அங்கு உலவுகின்றன.

நீர் வந்த இடத்தில் தொழிலும் வந்தது. செவனகலையில் 1986இல் சீனித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. எம்பிலிப்பிட்டியவில் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்ட கடதாசி ஆலை அமைந்தது. வயலின் கழிவு மாணவரின் பயிற்சிப் புத்தகமாவது அழகிய எண்ணமே. ஆயினும் அவ்வாலை பிற்காலத்தில் மூடப்பட நேர்ந்தது. உழவரோ தளரவில்லை. நெல்லுக்குப் போதிய நீர் கிடையாத பருவங்களில் பலர் வாழைக்கு மாறினர். அதனாலேயே இன்று எம்பிலிப்பிட்டிய என்றதும் வாழைக்குலைகள் நினைவுக்கு வருகின்றன. பாதையோரக் கடைகளில் மண்சட்டிகளில் அடுக்கிய எருமைத் தயிரையும், அதன்மேல் ஊற்றும் கித்துள் பாணியையும் சுவைக்காது திரும்புபவர் இல்லை. நாமும் அவ்விதிக்கு விலக்கல்லோம்.

இவ்விடத்தில் மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டை மாணவர்கள் நினைத்துப் பார்த்தல் தகும். எமது நாடு 1948இல் விடுதலை பெற, தங்கக் கரை எனப்பட்ட அந்நாடு 1957இல் விடுதலை பெற்றது. எமக்குத் தேயிலை எவ்வாறோ அவர்களுக்குக் கொக்கோ அவ்வாறு. உலகச் சந்தையில் விலை சரிந்தால் இருநாட்டின் கருவூலமும் வாடும். 1960இல் 67 இலட்சமாக இருந்த கானாவின் மக்கள்தொகை 2021இல் 3 கோடி 8 இலட்சமாயிற்று. பெருகும் மக்களுக்கு வேலையும் ஒளியும் தர வேண்டி அவர்களும் ஆற்றை நாடினர். வோல்டா ஆற்றின் குறுக்கே அக்கொசொம்போ அணை 1965இல் நிறைவுற்றது. அதன் நீர்ப்பரப்பில் ஊர்கள் மூழ்க, ஏறத்தாழ 80,000 பேர் இடம்பெயர்ந்தனர்.

ஒற்றுமைகளுக்கிடையே பெரிய வேற்றுமை ஒன்றும் உண்டு. கானாவில் கொக்கோவை வளர்த்தவர்களிற் பெரும்பாலோர் சிறு நிலத்தை ஆண்ட குடியானவர்கள். இங்கேயோ தேயிலைத் தோட்டங்கள் கம்பனிகளுக்குரியனவாயிருந்தன. கொழுந்து பறித்தவர்களுக்குக் கூலியும் லயத்து அறையுமே உரியன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் விதியைப் பேசியது: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பற்றிப் பின்னர் முடிவு.

அதே ஆண்டுகளில்தான் உடவளவைக் காணிகள் வெட்டித் திருத்தப்பட்டன. முதியவர் எமக்குக் கூறிய செய்தி இதுவே:

"ஐயா, எங்க அப்பா மம்பட்டி பிடிக்கத் தெரிஞ்சவரு. காடு வெட்டி வயலாக்குறாங்கன்னு கேள்விப்பட்டு, ஒரு துண்டு காணி கேக்கலாம்னு காவத்தையிலயிருந்து வந்தாரு. பிரசைக் கடதாசி இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னாரு. திரும்பி வந்து மறுநாள் பெரட்டுக்குப் போனாரு. அவ்வளவுதான்."

அவர் குரலில் கசப்பு இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அவருடைய பேரப்பிள்ளைகள் பிறப்பிலேயே பிரசைகள். எனினும் காணி என்ற சொல்லை உச்சரிக்கையில் அவர் யன்னலுக்கு வெளியே, விளைந்து தலைசாய்ந்த நெற்கதிர்களை நோக்கினார்.

மாலையில் அணைக்கட்டின்மீது நின்றோம். ஒருபுறம் கடல்போல் நீர். மறுபுறம் அந்நீரால் பசுமை பூத்த வெளி. மனித முயற்சியின் பெருமையை இதனினும் தெளிவாகக் காட்டும் காட்சி அரிது. ஆயினும் எத்தனை ஏக்கர் விளைந்தது என்று கணக்கெடுக்கும்போது, எவருக்கு அதில் பங்கு கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

திரும்பும் பேருந்திலும் அம்முதியவர் எம்முடன் வந்தார். காலடியில் இரண்டு வாழைக்குலைகள் இருந்தன. காவத்தையில் இறங்குமுன் ஒரு சீப்பை அறுத்து எம் கையில் வைத்தார். விலை வாங்க மறுத்துவிட்டார்.