இதழ்களின் இடையே ஒரு வாய்க்கால்

பொங்கோல் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். கழிவை அகற்றும் செலவும் அதனால் விளைந்த மாசும் பெருகவே, பன்றி வளர்ப்பைப் படிப்படியாகக் கைவிட 1984-ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு முடிவு செய்தது. வடிகால் பழுதுற்றால் வாழ்வு பழுதுறும் என்பது ஊருக்கு மட்டுமன்று, உடலுக்கும் பொருந்தும்.

பன்றியின் இதயம் அமைப்பில் மனித இதயத்தைப் பெரிதும் ஒத்தது. அதன் வால்வு 1965-இல் பாரிசில் மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. வால்வின் இதழ் தாள்போல் மெல்லியது. ஆயினும் உயிருள்ள திசு. திசுக்களில் கசியும் மிகைநீரையும் புரதத்தையும் வடித்துச் செல்பவை நிணநீர் நாளங்கள். அவற்றின் சுவர் மிக மெல்லியது. உள்ளோடும் நீரோ நிறமற்றது. ஆதலின் வெறுங்கண்ணுக்கு அவை எளிதில் புலப்படா. ஆய்வாளர் நுண்ணோக்கியின் துணைகொண்டு நாயின் ஈரிதழ், மூவிதழ் வால்வுகளில் அவற்றைக் கண்டனர். இதயத்தின் துடிப்பே அந்நீரை உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி உந்துகிறது.

மாற்று வால்வோ குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்தப்பட்டது; அதன் உயிரணுக்கள் மடிந்துவிட்டன. கதவாக அது திறந்து மூடும். தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. நாளடைவில் சுண்ணாம்பு படிந்து விறைக்கும். பெற்றவர் இளையவராயின் அந்நாள் விரைந்தே வரும். மறுமுறையும் அறுவை நேரும்.

கதவைச் செய்யக் கற்ற மனிதன், அதனுள் ஓடும் வாய்க்காலைச் செய்ய இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறான்.