நேற்றுச் சுட்ட ரொட்டி

தோட்டத்தில் வளர்ந்த யாரிடமும் ரொட்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ருசியைச் சொல்லுமுன் ரொட்டிக்காரரைச் சொல்வார்கள். எங்கள் லயத்துக்கு வந்தவரை நாங்கள் 'ரொட்டி பாய்' என்போம். மாலை நாலு மணிக்கு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய தகரப் பெட்டியோடு வருவார். ஹாரன் சத்தம் கேட்டால் போதும், பாடப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுவோம். அங்கேயே ரொட்டியை அறுத்து, பிளாந்தா தடவி, அதன்மேல் காயா பூசி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். கணக்கு 555 புத்தகத்தில் ஏறும். சம்பளம் போட்ட அன்று அம்மா அடைப்பார்.

என் தந்தை காலில் காயம்பட்டு இரண்டு மாதம் பெரட்டுக்குப் போகாமல் கிடந்த சமயத்திலும் அந்த ஹாரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதில்லை. பாய் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகத்தில் மட்டும் எழுதிக்கொண்டே வந்தார். ஐந்து காசு கூட்டி எழுதியதில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

இப்படி வாங்கிப் பழகியவர்களுக்குப் பட்டணத்து ரொட்டிக்கடை என்றால் ஒரு கூச்சம் உண்டு. நான் ஆசிரியையான பிறகு, பயிற்சி, கூட்டம் என்று ஜொகூர் பாருவுக்குப் போக நேரும். பழைய பட்டணத்தில் பெயர் பெற்ற இரண்டு கடைகள் இருக்கின்றன. ஜாலான் டான் ஹியோக் நீயில் உள்ள ஹியாப் ஜூ பேக்கரி 1919இல் தொடங்கியது. ஜாலான் டோபியில் உள்ள சலாவுடின் பேக்கரி 1937இல் தொடங்கியது. அது இந்திய முஸ்லிம்களின் கடை, கறிபாப்புக்குப் பேர் போனது. ஹியாப் ஜூவில் வாழைப்பழக் கேக்கு வாங்க வரிசை நீண்டு நிற்கும். சிங்கப்பூரிலிருந்து வந்தவரும் நிற்பார், பக்கத்துக் கட்டுமான வேலையாளும் நிற்பார். நானும் என் துணிப்பையோடு நின்றிருக்கிறேன். யாராக இருந்தாலும் முறை வந்தால்தான் பெட்டி கைக்கு வரும்.

அங்கே அடுப்பு விறகு அடுப்பு. இதுபோன்ற அடுப்புகளில் விறகை எரித்து, செங்கல்லில் சூடு ஏறிய பின் தணலை ஒதுக்கிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ரொட்டியைச் சுடுவார்கள். ஒரு காலத்தில் நாம் வெட்டி ஓய்ந்த பால்மரத்துக்கும் விறகாவதுதான் கதியாக இருந்தது. மூவார் பக்கம் மேசை நாற்காலித் தொழில் பெருகிய பிறகே அதற்குக் கௌரவம் வந்தது. மரம் நமக்குப் பால் கொடுத்து, பிறகு அடுப்பில் சோறும் ரொட்டியும் கொடுத்தது என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

ரொட்டி நம் லயத்துக்கு வந்து சேர்ந்ததும் ஒரு கதைதான். ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் பலர் வெள்ளைக்கார துரைமார் பங்களாக்களில் சமையல்காரர்களாக இருந்து ரொட்டி சுடப் பழகினார்கள். பிறகு கோப்பிக் கடை வைத்தார்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய கோப்பிக் கடையின் கரியில் வாட்டிய பன்னை அறியாதவர் நம் வட்டாரத்தில் இருக்க முடியுமா? பினாங்கிலோ 'ரொட்டி பெங்காலி' என்று ஒன்று உண்டு. அதற்கும் வங்காளத்துக்கும் சம்பந்தமில்லை, கடையில் பங்கு வைத்திருந்த நம்மவர்களின் 'பங்காளி' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். கேட்கவே இனிக்கிறது. 1986இல் கார்டினியா இந்நாட்டில் வந்தது முதல் பிளாஸ்டிக் பையில், தேதி போட்ட ரொட்டி தோட்டத்து மளிகைக் கடை வரைக்கும் வந்துவிட்டது. தேதி போடாத ரொட்டிக்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் தேதி.

அந்த வாய்ச்சொல் பொய்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிச் சிறுவர் தினத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் காசு சேர்த்து, அருகிலுள்ள சிறு பட்டணத்துக் கடையொன்றில் தொண்ணூறு பன் சொல்லி வைத்தது. ஒன்று ஒரு வெள்ளி இருபது காசு. காலை ஆறரைக்கு எடுத்து வந்தபோது சூடாக, பஞ்சுபோல் இருந்தன. பத்து மணிக்குப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் கல்! இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் மைலோவில் முக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது பிஸ்கட்டா?" என்றான்.

நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. ரொட்டி கெட்டியாவது காய்வதால் மட்டுமல்ல. மாவிலுள்ள மாச்சத்து சூட்டில் இளகி, ஆறியபின் நாளாக ஆக இறுகுகிறது. பழைய பன்னை ஆவியில் காட்டினால் மறுபடி இளகி, அப்போது சுட்டதுபோல் மெத்தென்றிருக்கும். ஆறியதும் முன்னைவிட மோசமாக இறுகிவிடும். (குளிர்ப்பெட்டியில் ரொட்டியை வைக்கும் தாய்மார்கள் கவனிக்க: அந்தக் குளிரில் இறுக்கம் இன்னும் வேகமாக வரும்.)

அன்று மாலையே மூன்று பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனோம். என்னோடு வந்தவர் சங்கச் செயலவையில் இருக்கும் ஒரு தாய். செம்பனைக் காட்டில் உரம் போடுகிறவர். கடைக்காரர் மறுக்கவில்லை. "நேற்றுச் சுட்டதுதான், கெட்டுப் போகவில்லையே. தோட்டத்துப் பள்ளிதானே டீச்சர், பிள்ளைகள் சாப்பிட்டுவிடும்" என்று மலாயில் சொன்னார். கெட்டுப் போகவில்லை என்பது உண்மை. நேற்றைய ரொட்டியைத் தனிக் கூடையில் வைத்து, சொல்லி, விலை குறைத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அதில் ஒரு குற்றமும் இல்லை, நானே வாங்கி வாட்டித் தின்கிறேன். எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்த 'தோட்டத்துப் பள்ளிதானே'.

நான் பேச வாயெடுக்குமுன் அந்த அக்கா கேட்டார்: "நாங்க கொடுத்தது நேத்துக் காசா முதலாளி?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி கல்லாவைத் திறந்தார். அக்கா நூற்றெட்டு வெள்ளியையும் நின்று எண்ணி வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. பணம் தராமலிருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனுப் போடலாம். ஆனால் தன் பிள்ளைக்கு ஒரே ஒரு பன் வாங்கியவர் ஒன்றேகால் வெள்ளிக்காக அங்கே போவாரா? அவருக்கு அந்த அக்காவைப்போல் ஒரு வாய் வேண்டும், அவ்வளவுதான். திரும்பும் வழியில் அவர் என்னிடம், "பிள்ளைங்களுக்கு இன்னிக்கு கிடைக்கலியே டீச்சர்" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை.

இப்போது பள்ளிக்கு வேறொரு சிறு கடையிலிருந்து பன் வருகிறது. விலை பத்துக் காசு கூடுதல். சங்கத்தில் முணுமுணுப்பும் இருந்தது. முதல் முறை நான் தொலைபேசியில் அழைத்தபோது அந்தப் பெண்மணி எத்தனை பன் என்று கேட்குமுன், "பிள்ளைகள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டார். பத்து மணி என்றேன். "அப்படியானால் விடியற்காலையில்தான் அடுப்பில் வைப்பேன், எட்டு மணிக்கு மேல் வந்து எடுங்கள்" என்றார். பிறகு, "அன்று வெள்ளிக்கிழமையாயிற்றே, காயாவில் முட்டை இருக்கும். எத்தனை பிள்ளைகள் விரதம்?" என்றார். வகுப்பு வகுப்பாகக் கேட்டு, பதினேழு என்று சொல்லி அனுப்பினேன். பதினேழும் தனிப் பெட்டியில், மேலே பேனாவால் எழுதி வந்தன.