கிரீன் பில்டிங்ல உட்கார்ந்தும் மூச்சு முட்டுதா?

1/ ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஏசி ஹாலில் வேலை பார்க்கறவங்களுக்கான பதிவு இது. மதியம் 3 மணிக்கு மேல தலை பாரம், கண் எரிச்சல், தூக்கம். டீ குடிக்க வெளியே போனா சரியாயிடுது. இப்படிச் சொல்லி வர்றவங்க நிறைய. பிரஷர், ரத்தசோகை, கண்ணாடி பவர் எல்லாம் பார்த்த பிறகு நான் கேட்கிறது: "உங்க ஹாலுக்குள்ள வெளிக்காற்று வருதா?" பெரும்பாலும் வரும் பதில்: "ஏசி ஓடுதே டாக்டர்!"

2/ சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். பெரிய கட்டடங்களில் வெளிக்காற்றுக்குத் தனி வழி இருக்கும், அதில் டாம்பர் என்ற மடிப்புக் கதவும் இருக்கும். அது எவ்வளவு திறந்திருக்கு என்பதில்தான் விஷயமே.

3/ எவ்வளவு காற்று வேணும்? ஆஷ்ரே 62.1 என்ற அமெரிக்க விதியை உலகம் முழுக்கப் பார்க்கிறாங்க. ஆபீஸ் என்றால் ஆளுக்கு விநாடிக்கு 2.5 லிட்டர், அதோடு சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர். முதலாவது மனுஷங்களுக்கு. இரண்டாவது பெயின்ட், பிளைவுட், கார்பெட் விடும் வாயுக்களுக்கு. 100 சதுர மீட்டரில் 5 பேர் என்றால் மொத்தம் 42.5 லிட்டர். ஆளுக்கு 8.5.

4/ கிரீன் பில்டிங் சான்றிதழுக்கு முன்னாடி கட்டடத்தை எனர்ஜிபிளஸ், ஈக்வெஸ்ட் மாதிரி மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பாங்க. வெளிக்காற்றைக் குளிர்விக்கக் கரண்ட் செலவு. காற்றைக் குறைச்சா பில் குறையும். இந்த ஆசையை அடக்கத்தான் ஆஷ்ரே 90.1-இல் ஒரு விதி: ஒப்பிடும் சாதாரண கட்டடத்துக்கும் நம்ம கட்டடத்துக்கும் பொதுவா ஒரே அளவு வெளிக்காற்றுதான் வைக்கணும். மூச்சைக் குறைச்சு பாயின்ட் வாங்க முடியாது. நல்ல விதி.

5/ ஆனா கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது 5 பேர். ஆர்டர் கூடியதும் அதே ஹாலில் 10 பேர். காற்று அதே 42.5 லிட்டர். ஆளுக்கு 4.25 தான். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருத்தர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். கணக்குப் போட்டால், 1,000 பிபிஎம்மில் நின்றிருக்க வேண்டியது சில மணி நேரத்தில் 1,600 தொடும். டாம்பரை மூடிட்டா இன்னும் மேலே. வாசலில் சான்றிதழ் அப்படியே தொங்கும்.

6/ 1,600 விஷம் இல்லை. அடுத்தவர் விட்ட மூச்சை எவ்வளவு இழுக்கிறோம் என்பதற்கான அளவுகோல், அவ்வளவுதான்.

7/ உலகம் இதைப் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1981 விதியில் புகை பிடிக்காத ஆபீஸுக்கு ஆளுக்கு 2.5 லிட்டர் போதும் என்றார்கள். 'சிக் பில்டிங் சிண்ட்ரோம்' என்ற பேச்சு அடிபட்டதும் அந்தக் காலத்தில்தான். 1989-இல் சுமார் 10 லிட்டராக உயர்த்தினார்கள். 2000-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு 3,720 ஊழியர்களைப் பார்த்தது. காற்று குறைவான தளங்களில் குறுகிய கால மெடிக்கல் லீவ் தெளிவாகவே அதிகம்.

8/ இதை நான் எழுதக் காரணம் தலைவலி மட்டும் இல்லை. என்கிட்ட வந்த ஓர் இளம்பெண்ணுக்குச் சளியில் டிபி உறுதியாச்சு. ஜன்னலே திறக்காத ஹால், நெருக்கமான இருக்கைகள். கம்பெனியிலிருந்து கேட்டது ஒன்றுதான்: "எப்போ டியூட்டிக்கு வரலாம்?" பக்கத்தில் இருந்தவங்களைப் பற்றியோ காற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

9/ தைபேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் டிபி பரவியபோது காற்று வராத அறைகளில் 3,200 பிபிஎம் வரை இருந்தது. காற்றோட்டத்தைச் சரிசெய்து 600-க்குக் கொண்டு வந்தார்கள். தொடர்பில் இருந்தவர்களிடம் புது நோய் 97% குறைந்ததோடு அது தொடர்புடையது என்கிறது 2020-இல் வெளியான ஆய்வு.

10/ நம்ம ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூரு, அதே மிதமான வானிலை. சென்னை வானிலைத் தரவை வைத்துச் சிமுலேஷன் ஓட்டினா வெளிக்காற்று பெரிய செலவாத் தெரியும். ஓசூரிலோ பல மாதங்கள் காலையும் இரவும் வெளியேதான் குளிர்ச்சி. நைட் ஷிஃப்டுக்குக் காற்றைத் திறந்து விட்டா ஏசி வேலையே குறையும். லாரிப் புகை, குவாரி தூசு இருக்கும் இடத்தில் நல்ல ஃபில்டர் கட்டாயம்.

11/ கம்பெனியில் மூணு கேள்வி கேளுங்க. டிசைனில் எத்தனை பேர், இப்போ எத்தனை பேர்? வெளிக்காற்று அளவைக் கடைசியாக எப்போ கருவி வைத்து அளந்தாங்க? ஹாலில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருக்கா? மீட்டர் வாங்கினா என்டிஐஆர் சென்சார் உள்ளதா வாங்குங்க.

12/ இரண்டு வாரத்துக்கு மேல இருமலா? மீட்டருக்காகக் காத்திருக்காதீங்க. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். நாளைக்கே போங்க.