என்னோடு படித்த ஆயா

என் ஆயா என்னோடு படித்தவள். இப்படிச் சொன்னால், என்னைப் படிக்க வைத்தவள் என்று கேட்பவர்கள் தாங்களாகவே திருத்திக்கொள்கிறார்கள். ஒரே பாயில், ஒரே லாந்தர் வெளிச்சத்தில், ஒரே எழுத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து தப்பாக எழுதியிருக்கிறோம். அப்போது எனக்கு வயது ஆறு. அவளுக்கு அறுபதுக்குப் பக்கம் இருக்கும்.

ராமகுப்பத்தை ஒட்டிய எங்கள் ஊரில் 1991இல் ராத்திரிப் பள்ளி தொடங்கியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் பிறந்து, 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டு, அந்த வேகம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம். பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை உள்ளவர்களைத்தான் முக்கியமாகக் கணக்கில் எடுத்தார்கள். ஆயா அந்தக் கணக்கைத் தாண்டியவள். நான் அதை எட்டாதவன். பாடம் சொல்லித்தர வந்த அண்ணன் எங்கள் பெயர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை, பாயில் இடம் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் பேச்சு தமிழ். பள்ளியில் எழுத்து தெலுங்கு. 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. எங்கள் பக்கம் ஆந்திரத்திலேயே நின்றது. ஆயா அதுவரை வாயால் அறிந்த எந்தச் சொல்லுக்கும் எழுத்து முகம் பார்த்ததில்லை. முதன்முதலில் பார்த்தது தெலுங்கு முகத்தை. பலப்பத்தைக் களிக் கரண்டி பிடிப்பதுபோல முழுக் கையாலும் பிடிப்பாள். நானும் அவளைப் பார்த்து அப்படியே பிடித்தேன். அண்ணன் இருவர் விரல்களையும் பிரித்துப் பிடித்துக் காட்டினார்.

தெலுங்கு உயிர்க்குறிகளுக்குப் பெயர்கள் உண்டு. ‘க’ என்ற எழுத்தின் உச்சியில் இருக்கும் சின்னக் கீற்றுக்குத் தலகட்டு. ‘கா’ ஆக நீட்டினால் தீர்க்கம். ‘கி’க்கு மேலே வளைவது குடி, தெலுங்கில் குடி என்றால் கோயில். ‘கு’வுக்குப் பக்கத்தில் வருவது கொம்மு, மாட்டுக் கொம்புதான். தலை, கோயில், கொம்பு. அவள் நாள் முழுக்கப் புழங்கிய பொருள்கள் எழுத்துக்குள்ளும் இருந்தன. அதனால் என்னைவிட அவள்தான் முதலில் குறிகளை மனப்பாடம் செய்தாள். சாணி தட்டும்போது அவள் சொல்வாள், கன்றைப் பிடித்துக்கொண்டு நான் திருப்பிச் சொல்வேன்.

தலகட்டு என்ற பெயரை முதலில் கேட்ட இரவு அவள் பலப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“இன்னாடா இது, எழுத்துக்குக் கூடவா தலக்கட்டு?”

கங்கம்மா ஜாத்திரைக்கு எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு, நோட்டில் ஒரு ஆண் பெயர். தாத்தா போன பிறகு ஏர் கட்டச் சொல்வதிலிருந்து கடலைக்காய் மூட்டைக்கு விலை பேசுவதுவரை எல்லாம் ஆயாதான். வரிப் பணமும் அவள் சுருக்குப் பையிலிருந்துதான் போகும். நோட்டில் இருந்தது பெங்களூரில் வேலை பார்த்த என் அப்பா பெயர். அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து பலகையில் தன் பெயரை எழுதும்போது, மற்ற கோடுகள் நடுங்கினாலும், தலகட்டை மட்டும் அழுத்திப் போடுவாள். பலப்பம் சில நாள் அங்கேயே உடையும்.

ஒருநாள் குப்பம் பஸ் நிலையத்தில் நின்றோம். அதற்கு முன்பெல்லாம் யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள். அன்று கேட்கவில்லை. ‘குப்பம்’ என்றாலும் ‘ராமகுப்பம்’ என்றாலும் பலகையின் கடைசிப் பகுதி ஒன்றுதான். இரண்டும் சுன்னா என்னும் வட்டத்தில்தான் முடியும். அவள் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒன்றின் முன்னால் நின்று, “ரா... ம...” என்று விரலால் காற்றில் எழுதினாள். “முன்னாடி பாரு கண்ணு. பின்னாடி எல்லாம் ஒண்ணுதான்” என்றாள். வண்டி ஊர் வந்து சேரும்வரை என் கையை விடவில்லை.

ராத்திரிப் பள்ளி கடலைக்காய் பிடுங்கும் காலத்தில் நின்றது, மறுபடி நடக்கவில்லை. நான் பகல் பள்ளியில் மேலே மேலே போனேன். ஆயா கொம்முவிலேயே நின்றாள். “இன்னிக்கு இன்னா பாடம்?” என்று சாயங்காலந்தோறும் கேட்பாள். கொஞ்ச நாள் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் அவள் பலகையைப் பார்த்து, “இதுகூடத் தெரியலையா ஆயா?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பலகையை முந்தானையால் துடைத்து மாடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுதவே இல்லை.

2011இல் ஆயா இறந்தாள். நாலு வருஷம் கழித்து ஒரு செய்தி படித்தேன். கென்யாவில் பிரிசில்லா சித்தியெனெய் என்ற தொண்ணூறு வயதுக்காரர், தன் கொள்ளுப்பேரப் பிள்ளைகளின் பிள்ளைகளோடு தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். மருத்துவச்சி அவர். உடன் படித்த பிள்ளைகளில் சிலரின் பிரசவத்தையே அவர்தான் பார்த்திருந்தார். ‘கோகோ’ என்று அவரை அழைத்தார்கள்; அவர்கள் மொழியில் பாட்டி. 2022இல், 99 வயதில் இறக்கும்வரை அவர் மாணவியாகவே இருந்தார். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியபோது, அவருக்கு வீட்டில் பாடம் சொன்னவர்கள் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் என்று படித்தேன். அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது. என்னால் முடிந்திருக்கக்கூடிய காரியம் அது. தினமும் ஒரு கால் மணி நேரம் போதும்.

ஆயாவை எடுத்த அன்று ஊரே வாசலில் நின்று அழுதது. அம்மாவை, அத்தையை, ஆயாவை இழந்தவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். ஒரு வகுப்புத் தோழியை இழந்தவன் நான் ஒருவன்தான். ஒருவருக்கு ஒன்றும் தெரியாதபோது கூடவே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த இன்னொருவருக்கு இணை கிடையாது. அந்த இடத்திலிருந்து முதலில் எழுந்து போனவன் நான்.

இப்போதும் குப்பத்தில் இறங்கி ஊருக்குப் பஸ் ஏறுகிறேன். பலகை முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு நிமிஷம் கீழேயே நின்று, “ரா... ம...” என்று முன்னாலிருந்து எழுத்துக் கூட்டுகிறேன், அவள் வேகத்தில்.