கிடைநாய்க்கு ஓர் அட்டை

சாத்தூர்,
புரட்டாசி 15

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசிவிடலாம் என்று மூன்று தடவை நம்பரை எடுத்தேன். மூன்று தடவையும் வைத்துவிட்டேன். நேரில் சொன்ன தப்பை போனில் சரிசெய்ய முடியும் என்று தோன்றவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆவணி முகூர்த்தத்தில் மதுரையில் நாம் உட்கார்ந்த பந்தி எனக்கு இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. வேப்பேரி கால்நடைக் கல்லூரி மெஸ்ஸில் ஒன்றாகச் சாப்பிட்ட ஐந்து பேர், இருபது வருடம் கழித்து ஒரே வரிசையில். ஒருவர் நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்கிறார். நாளெல்லாம் ஆயிரக்கணக்கில் கோழிகளைப் பார்த்துவிட்டு வந்தால் வாசலில் நிற்கும் ஒரே ஒரு கோம்பை நாயின் முகம்தான் வேண்டியிருக்கிறது என்றார். இன்னொருவர் பால் ஒன்றியத்தில். அவர் வீட்டில் நாய் கட்டிலில்தான் படுக்கிறதாம். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், தன் ராஜபாளையம் நாய் செத்துப்போனபிறகு வேறு நாய் வளர்க்க மனமில்லை, மூன்று வருடம் ஆகிறது என்றார். அதைச் சொல்லும்போது இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நாய் என்றால் உயிரை விடுகிற ஐந்து பேர்தான். ஆனால் நாயை எங்கே படுக்க வைப்பது என்பதில்கூட ஒத்துப்போகவில்லை.

நீங்கள் உங்கள் கிளினிக்கைப் பற்றிச் சொன்னீர்கள். மனைவி போனபிறகு ஒரு பொமரேனியனோடு மட்டும் வாழும் பெரியவர், மாதாமாதம் அதன் நகத்தை வெட்டிக்கொள்ள வருகிறார், நகம் வளராத மாதத்திலும் வருகிறார் என்றீர்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். கேட்காமல் என் கோவிவன் கதையை ஆரம்பித்தேன்.

செங்கம் பக்கம் எனக்கு முதல் போஸ்டிங் கிடைத்தபோது எடுத்தனூர் நடுகல்லைப் பார்த்தேன் என்று உங்களுக்கு அப்போதே சொல்லியிருக்கிறேன். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். ஏறக்குறைய 1400 வருடம். சண்டையில் விழுந்த வீரனுக்குப் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்து அவனைக் காத்து நின்றது என்று எழுதி, கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். "வேலை செய்கிற நாய்க்குத்தான்க்கா இந்த மரியாதை. ஆட்டுக்கிடையில் இருக்கிற நாய்க்கு யாரும் சட்டை தைத்துப் போடுவதில்லை, ஆனால் அதற்கு ஒரு இடம் இருக்கிறது" என்றேன்.

நீங்கள் நிதானமாகக் கேட்டீர்கள்: "கல்லுல பேர் வெட்டினது செத்தப்புறம்தானேடா தம்பி? உயிரோட இருந்தப்ப அதுக்கு என்ன செஞ்சாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கோபத்தில்தான், "நீங்க பார்க்கிறது நாயை இல்லக்கா, பணக்காரன் வீட்டு பொம்மையை" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனீர்கள். பாயசம்கூட வாங்கவில்லை. பத்து வருடம் இன்னொருவர் கிளினிக்கில் சம்பளத்துக்கு நின்று, கடன் வாங்கிச் சொந்தமாக ஒன்று ஆரம்பித்து, நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் திறக்கிற ஆளிடம் அப்படிச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் அக்கா.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஆகஸ்ட் 31 காலையில் கிடைக்காரர் ஒருவர் டிவிஎஸ் வண்டியில் மருந்தகத்துக்கு வந்தார். பனங்காட்டுப் பக்கம் கிடை போட்டிருப்பவர், இருநூறு ஆடு. சினை ஊசிக்கு வந்த மாடுகள் வரிசையில் நின்றன. அவர் வரிசையைத் தாண்டி வந்து, "கருப்பன் நேத்துலருந்து நம்ம கருப்பனா இல்ல டாக்டரய்யா. குரல் மாறிப்போச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. போய்ப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, சீமைக்கருவேல மரத்தில் இரட்டைச் சங்கிலியால் நாயைக் கட்டிப்போட்டிருந்தார். வாயில் எச்சில் ஒழுக, சங்கிலியையே கடித்துக்கொண்டிருந்தது. குரைக்கத் தொடங்கி ஊளையில் முடிகிற அந்தக் குரலை நாம் இருவரும் கேட்டிருக்கிறோம். கண் யாரையும் பார்க்கவில்லை. ஐந்து வருடம் அவரோடு நடந்த நாய்.

அவர் யாரையும் பக்கத்தில் விடவில்லை. தானும் போகவில்லை. நீளக் கம்பின் நுனியில் சட்டியைக் கட்டித் தண்ணீர் தள்ளிப் பார்த்தார், நாயால் விழுங்க முடியவில்லை. ஊரிலிருந்து பையன்கள் கல்லெடுத்துக்கொண்டு வந்தபோது மரத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். "அது காத்த ஆட்டுக்கறிய தின்னுருக்கீங்கடா" என்று மட்டும் சொன்னார். கிட்டே போய் ஊசி போட முடிகிற நிலையில் நாய் இல்லை. மயக்க மருந்துக்கு ஏற்பாடு செய்து மறுநாள் நான் போய்ச் சேர்வதற்குள், விடியலுக்கு முன்பே அடங்கிவிட்டது. பரிசோதனைக்குத் தலையை எடுத்து அனுப்ப வேண்டும் என்றபோதுதான் அவர் அழுதார். முழு உடம்பாகப் புதைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். முடிவு வெறிநோய் என்றே வந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், அந்த மனிதர் நாயை மடியில் வைத்துக் கொஞ்சியவர் இல்லை. கூழில் மிஞ்சியதைத்தான் ஊற்றுவார். ஆனால் குரல் மாறிய அன்றே அது நோய் என்று அவருக்குத் தெரிந்தது. நம் வேப்பேரி நாட்களில் ஒரு குடும்பம் வந்ததே, நினைவிருக்கிறதா? குட்டிநாய் வாயைத் திறந்தபடியே இருக்கிறது, தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று ஆளுக்கு ஆள் வாய்க்குள் கை விட்டுப் பார்த்திருந்தார்கள். ஸ்பூனில் பால் புகட்டியிருந்தார்கள். தாடை தொங்குவதைப் பார்த்து, அது எலும்பு இல்லை, வெறிநோயின் ஊமை வகை என்று முதலில் சொன்னது ஹவுஸ் சர்ஜனாக இருந்த நீங்கள்தான். அந்த வீட்டு ஐந்து பேரையும் அன்றே ஊசிக்கு அனுப்பினீர்கள். அந்தக் காட்சியை வைத்துத்தான் இத்தனை வருடமும் நான் வாதாடி வந்திருக்கிறேன்: கொஞ்சுகிறவர்களுக்கு நாய் தெரியாது, கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்று.

கருப்பன் கட்டிக் கிடந்த அன்று இந்த வாதத்தின் மறுபக்கம் என் முன்னால் நின்றது. கிடைக்காரரின் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. முந்தின நாள் நாய் அவன் முன்கையில் பல் பதித்திருக்கிறது. சொன்னால் கருப்பனை அடிப்பார்கள் என்று மறைத்துவிட்டான். அவனுடைய பாட்டி மட்டும் பார்த்துச் சுண்ணாம்பு தடவியிருந்தாள். பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது நல்லகாலம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், அவ்வளவு பயம். பிறகு வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், அப்புறம் 0, 3, 7, 28 என்று நான்கு நாள் தடுப்பூசி. கடைசி ஊசி செப்டம்பர் 28 அன்று போட்டாயிற்று. உலக வெறிநோய் தினமும் அதுதான், பாஸ்டர் இறந்த நாள். பையன் நன்றாக இருக்கிறான். கடிபட்ட இரண்டு ஆடுகளுக்கும் ஐந்து ஊசி முடிந்து தனியே கட்டியிருக்கிறது. அவற்றை இன்னும் சில மாதம் பார்க்க வேண்டும்.

அக்கா, கருப்பனுக்கு ஒரு தடுப்பூசிகூடப் போட்டதில்லை. ஐந்து வருடத்தில் ஒன்றுகூட இல்லை. அதே மருந்து என் மருந்தகத்துக் குளிர்பெட்டியில் வருடாவருடம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் வாசலில் பேனர் கட்டி முகாம் நடத்தியிருக்கிறேன். டவுனிலிருந்து நாய்கள் வரும். கிடையிலிருந்து ஒன்றும் வராது. எப்படி வரும்? பகலில் அது ஆட்டோடு மேய்ச்சலில் இருக்கும், ராத்திரி காவலில் இருக்கும். அதை இழுத்துக்கொண்டு வருவதற்கு ஒரு ஆள் தன் நாள்கூலியை விட வேண்டும். அந்த நாய்களின் உழைப்பைப் பற்றி ஐந்து பேர் நடுவில் உட்கார்ந்து பெருமை பேசிய நான், ஒருநாளாவது பெட்டியை எடுத்துக்கொண்டு அவை இருக்கிற இடத்துக்குப் போனதில்லை. உயிரோடு இருந்தபோது என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்டது கோவிவனைப் பற்றி. எனக்குக் காதில் விழுந்தது கருப்பனைப் பற்றி.

உங்கள் கிளினிக்கில் நான் கேலி செய்த அந்த நாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை இருக்கிறது. பிறந்த தேதி, போட்ட ஊசி, அடுத்த ஊசி எப்போது என்பது, உங்கள் கையெழுத்து. அந்தப் பொமரேனியன் பெரியவர் தேதிக்கு ஒருநாள் முன்னாலேயே வந்துவிடுவார் என்றீர்களே. அதைப் பாசம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

இந்த வருடம் முகாமுக்குச் செப்டம்பர் 28 வரை காத்திருக்க மனம் வரவில்லை. இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டோம். நானும் எங்கள் பராமரிப்பு உதவியாளரும், தெர்மகோல் பெட்டியில் ஐஸ்பேக் அடுக்கி, ஆடு அடைந்தபிறகு ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்புவோம். நான்கு ராத்திரியில் ஒன்பது கிடை, இருபத்திரண்டு நாய். கிடைநாயைப் பிடிப்பது லேசில்லை. வெளியாள் வாசம் பட்டாலே சுற்றிவளைத்துவிடும். ஒவ்வொரு கிடைக்காரரும் தன் துண்டால் வாயைக் கட்டி, தலையைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, நான் தொடையில் போடுவேன். முதல் கிடையிலேயே கருப்பனின் ஆள்தான் நாயைப் பிடித்துக் கொடுத்தார். அதன்பிறகு நான்கு ராத்திரியும் எங்களோடு வந்து மற்றவர்களிடம் அவரே பேசினார். நான் பேனரில் எழுதுவதையெல்லாம்விட அவர் சொன்ன இரண்டு வாக்கியத்துக்குத்தான் ஆட்கள் நாயைப் பிடித்தார்கள்.

அட்டையும் போட்டேன். பெயர் எழுதும் இடத்தில்தான் நின்றுவிட்டோம். பாதி நாய்களுக்குப் பெயரே இல்லை. "வெள்ளை", "செவலை", "மூளி" என்று நிறத்தையும் அடையாளத்தையும் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சநேரம் யோசித்துத் தன் அப்பா பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கிடையில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் அவரே வைத்தார்.

இன்னொன்றில் நான் இன்னும் மாறவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் படுக்காத நாய் பாசம் கிடைக்காத நாய் என்று உங்களிடம் வருகிறவர்கள் நினைப்பது சரியில்லை. கிடைநாய் வெளியில்தான் படுக்கும், ஆட்டுக்கு நடுவில், பனியில். அதை உள்ளே கட்டினால் ராத்திரி முழுக்க அழும். சென்னை வெயிலில் ஹஸ்கி வளர்ப்பவர்களைக் கண்டு நீங்களே வருத்தப்பட்டீர்கள். நாய்க்கு எது தேவை என்று அந்த நாயைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? இதற்காக உங்களோடு இன்னும் சண்டை போடுவேன், ஆனால் இனி உங்கள் வேலையை இழுக்காமல்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இருபத்திரண்டும் முதல் தடவையாகப் போட்டுக்கொண்டவை. இரண்டாம் ஊசி போட்டால்தான் எனக்கு நிம்மதி. மழை இறங்கி விதைப்பு தொடங்கினால் கிடைகள் கலைந்துவிடும், யார் எந்தக் கண்மாய்க் கரையில் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடிக்க முடியாது. அதனால் அடுத்த சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியில் முடித்தாக வேண்டும். உதவியாளருக்கு அந்த வாரம் லீவு. நான் தனி ஆள். உங்களுக்கு முடியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் முத்துநகர் ஏறினால் விடிவதற்கு முன்னால் சாத்தூரில் இறங்கலாம். ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். உங்களிடம் இருக்கும் பெரிய சைஸ் வாய்மூடிகளில் நான்கு எடுத்து வாருங்கள், துண்டை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. மூன்று மாதக் குட்டிகள் ஐந்து இருக்கின்றன, அவற்றுக்குப் பார்வோவும் சேர்த்துப் போட வேண்டும். அந்த மருந்து இங்கே என்னிடம் இல்லை. அதையும் குளிர் விடாமல் கொண்டுவர வேண்டும்.

நகம் வெட்ட வரும் பெரியவருக்கு அந்த வாரம் அப்பாயின்ட்மென்ட் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி

பி.கு: பையன், கருப்பன் குட்டியாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான். நீங்கள் வந்தால் காட்ட வேண்டுமாம்.