தவறத் தெரிந்த துப்பறிவாளர்

அந்தமானில் மொழியாய்வு செய்பவளின் மேசையில் ஆக்ஸ்போர்டு நகரத்துக் காவல் அதிகாரிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. காலின் டெக்ஸ்டர் 1975 முதல் 1999 வரை எழுதிய 13 நாவல்களின் நாயகர், தலைமை ஆய்வாளர் மோர்ஸ். குறுக்கெழுத்துப் பிரியர், பிறர் எழுத்தில் பிழை கண்டால் பொறுக்காதவர். ஆயினும் என்னை ஈர்ப்பது அவருடைய கூர்மை அன்று. அவர் தவறும் விதம். அழகானதோர் ஊகத்தைக் கட்டுவார். ஒரு சான்று அதை உடைக்கும். சார்ஜென்ட் லூயிஸ் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல்லிலிருந்து மீண்டும் தொடங்குவார்.

இதன் அருமை இத்தீவுகளிலிருந்து வாசிப்போருக்கு நன்கு விளங்கும். ஆர்தர் கோனன் டாயில் 1890இல் வெளியிட்ட ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில், ஷெர்லாக் ஹோம்ஸ் அந்தமான் தொல்குடியினரை ஒரு கெசட்டியரின் பக்கத்தைக் கொண்டே அளந்துவிடுகிறார். அவர்கள் நரமாமிசம் உண்போர் என்கிறது அப்பக்கம். டோங்கா என்னும் அந்தமானியன் ஊதுகுழலால் நச்சுமுள் எய்கிறான். உண்மையில் அம்மக்களின் படைக்கலம் வில்லும் அம்புமே; நரமாமிசக் கதைக்கோ ஆதாரமில்லை. நாவலில் வழக்குத் தீர்ந்தது, அவதூறு தீரவில்லை.

எங்கள் துறையில் எந்த ஊகத்தையும் அம்மொழியைப் பேசுவோரிடம் மறுபடி கேட்டே உறுதிசெய்தல் வேண்டும். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010இல் மறைந்தார். இனி அம்மொழியில் ஓர் ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. கேட்க ஆள் இருக்கும்போதே திரும்பிச் சென்று கேட்கும் மோர்ஸை நான் விரும்புவது அதனால்தான்.